மகளுக்கு 53 கிலோவா, 57 கிலோவா? ஜோர்டானின் அம்மான் நகரத்தில் நடந்த ஆசிய மல்யுத்த முடிவுகளைப் பார்த்து வந்த கேள்வி

பூம்பாறை அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி நான். மல்யுத்தம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதுவும் என் மகளால் தெரிந்தது. அவளுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாள். காலையில் முதல் பஸ், ராத்திரி கடைசி பஸ். நடுவில் பள்ளிக்கூடம், அப்புறம் பயிற்சி.

2025 மார்ச்சில் ஜோர்டானில் அம்மான் நகரத்தில் ஆசியச் சாம்பியன்ஷிப் நடந்தது. எங்கள் வீட்டில் வீடியோ ஓடுகிற அளவுக்கு சிக்னல் வராது. குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் ஏறினால் கிடைக்கும். ஆறு நாளும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குளிரில் நின்றேன். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள். இந்தியாவுக்குத் தங்கம் 1, வெள்ளி 3, வெண்கலம் 6. 62 கிலோவில் மனீஷா பன்வாலா பின்தங்கியிருந்து எழுந்து, கொரிய வீராங்கனையை 8-7 என்று ஜெயித்தபோது என் மகள் போட்ட சத்தத்தில் தெருவில் விளக்கு எரிந்தது. 76 கிலோ இறுதியில் ரீத்திகா ஹூடா கிர்கிஸ்தானின் மெடெட் கிஸியிடம் 7-6 என்று கடைசி நேரத்தில் தோற்றபோது அவள் பேசவே இல்லை. இறங்கி வருகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே ரீத்திகா இதே மெடெட் கிஸியுடன் 1-1 என்று சமமாக முடித்திருக்கிறாள். ஆனாலும் தோற்றதாக அறிவித்தார்கள். ஏன்? வெண்கலம் ஒரு பிரிவுக்கு இரண்டு பேருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நான் இங்கே எழுத வந்த காரணம் வேறு. மகள் 55.6 கிலோ இருக்கிறாள். பூண்டு நிறுக்கிற தராசில் நானே நிறுத்தேன். அவள் வயதுக்கு 53 என்று ஒரு பிரிவு, 57 என்று ஒரு பிரிவு. பயிற்சி கொடுக்கிறவர், "அன்திம் பங்கால் 53 கிலோவில்தான் ஆசிய வெண்கலம் வாங்கினாள், நீயும் 53-க்கு இறங்கு" என்கிறார். 57-இல் அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள். அடுத்த மாதம் மாவட்டத் தேர்வு.

மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாடு கிடையாது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஏற்றத்தில் ஓடுகிறாள். தண்ணீர் கொடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புகிறாள். அவள் அம்மா தட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்து, அப்புறம் அப்படியே மூடி வைக்கிறாள். நான் பூண்டுக்காரன். பறித்த ஈரத்தோடு நிறுத்த மூட்டை காய்ந்த பிறகு எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். குறைந்தது முழுக்கத் தண்ணீர்தான். என் பிள்ளையிடமும் அதுதான் குறைகிறதோ என்று பயமாக இருக்கிறது. விளையாட்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஹவில்தார்:

வணக்கம் தம்பி. ராணுவத்தில் இருந்தபோது படைப்பிரிவுக்காக கிரேக்க-ரோமன் மல்யுத்தம் செய்தவன் நான். அப்போது ஆண்களுக்கு 62 கிலோ என்று ஒரு பிரிவு இருந்தது, அதில்தான். இப்போது கோத்தகிரியில் கொஞ்சம் தேயிலைத் தோட்டத்தோடு இருக்கிறேன். பாப்பா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

1-1 என்று முடிந்தால் அது சமம் கிடையாது. மல்யுத்தத்தில் டிரா என்பதே இல்லை. புள்ளிகள் சமமாக இருந்தால் யார் பெரிய பிடி போட்டார்கள் என்று பார்ப்பார்கள். நாலு புள்ளி வீச்சு ஒன்று போட்டவர், இரண்டு இரண்டாகச் சேர்த்தவரை முந்திவிடுவார். அதுவும் சமம் என்றால் யாருக்கு எச்சரிக்கை குறைவு என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் கடைசிப் புள்ளி யாருடையதோ அவருக்கு வெற்றி. பாரிஸில் நடந்தது இந்தக் கடைசி விஷயம். காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் வகையில் ஒருவர் முன்னே போகாமல் தயங்கினால் நடுவர் முப்பது நொடி கொடுப்பார். அதற்குள் யாரும் புள்ளி எடுக்கவில்லை என்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. ரீத்திகாவுக்கு அப்படி ஒன்று, மெடெட் கிஸிக்கு அப்படி ஒன்று. பின்னால் வந்தது மெடெட் கிஸியின் புள்ளி. அதனால் முன்னிலையில் இருக்கிற மாதிரி தெரிந்தாலும் கடைசி ஒரு நிமிடம் நின்று தடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அம்மானில் அதே எதிராளியிடம் கடைசி நேரத்தில் 7-6 என்று போனதைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது.

அப்புறம் வெண்கலம். இறுதிக்குப் போன இரண்டு பேரிடமும் வழியில் தோற்றவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு ரெப்பசாஜ் என்று பெயர். இரண்டு இறுதி வீரர்கள் என்பதால் இரண்டு பக்கம், இரண்டு வெண்கலம். இதற்கு சாக்‌ஷி மாலிக் கதையைப் பாப்பாவுக்குச் சொல்லுங்கள். 2016 ரியோவில் 58 கிலோ காலிறுதியில் ரஷ்யப் பெண்ணிடம் தோற்றாள். அந்த ரஷ்யப் பெண் இறுதிக்குப் போனதால் சாக்‌ஷிக்குக் கதவு திறந்தது. மங்கோலியப் பெண்ணை 12-3 என்று ஜெயித்து, வெண்கலப் போட்டியில் கிர்கிஸ்தானின் டினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கி, கடைசியில் 8-5 என்று முடித்தாள். இந்தியப் பெண் மல்யுத்தத்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆகவே காலையில் தோற்றதும் பையை மூட்டை கட்டக் கூடாது. ஜெயித்தவள் எவ்வளவு தூரம் போகிறாள் என்று கேலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பாப்பாவின் நோட்டில் 87 கிலோ கிரேக்க-ரோமனில் சுனில் குமார் என்று ஒரு வெண்கலம் இருக்கும். அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் டெல்லியில் இதே சுனில், கிர்கிஸ்தான் வீரரை 5-0 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கினார். கிரேக்க-ரோமனில் இந்தியாவுக்கு 1993-க்குப் பிறகு 27 வருடம் கழித்து வந்த ஆசியத் தங்கம் அது. காலைத் தொடவே கூடாது, இடுப்புக்கு மேலே மட்டும் பிடி. அந்த விளையாட்டில் ஊறினவன் என்பதால் அன்றைக்கு நான் அழுதேன்.

சரி, எடைக்கு வருகிறேன். பதில் பாப்பாவின் நோட்டிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மானில் வெள்ளி வாங்கிய மூன்று பேரில் ஒருவர் உதித், 61 கிலோ. அதற்கு முந்தைய வருடம் 2024 பிஷ்கெக் ஆசியப் போட்டியில் அவர் 57 கிலோவில் வெள்ளி வாங்கியவர். இன்னொருவர் தீபக் பூனியா, 92 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 86. இரண்டு பேருமே மேலே ஏறி வந்து மேடையில் நின்றிருக்கிறார்கள். அன்திம் 53-இல் வாங்கினாள் என்றால் அந்த உடம்பு 53-க்கு ஏற்ற உடம்பு. அதைக் காட்டி 55.6 இருக்கிற பிள்ளையை இறங்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஒன்று. நாங்களும் எடை இறக்கியிருக்கிறோம். போட்டிக்கு முன்னால் உப்பையும் சோற்றையும் குறைத்து ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறக்குவது வழக்கம்தான். பயிற்சியாளர் கேட்டதையே பெரிய குற்றமாக நினைக்காமல், எப்படி இறக்குகிறார்கள் என்று பாருங்கள்.

வத்தலக்குண்டு நர்ஸ்:

அண்ணா, ஹவில்தார் ஐயா சொன்னதில் கடைசிப் பத்தியைத் தவிர எல்லாவற்றுக்கும் தலைவணங்குகிறேன். கடைசிப் பத்தி முழு வளர்ந்த ஆணுக்கு. உங்கள் மகளுக்குப் பதினாறு. நான் அதே வயதில் அதே 57-இலிருந்து அதே 53-க்கு இறங்கியவள். அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தாண்டிக்குடி பக்கம். அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை. எனக்கும் ஒரு பயிற்சியாளர் 53-இல் இடம் காலி என்றுதான் சொன்னார். போட்டி சமவெளியில், மே மாதம். மலையில் வளர்ந்த எனக்கு அந்த வெயிலே புதிது. போட்டிக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்தினேன். மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கோட்டை உள்ளே போட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விடியற்காலை முடியை வெட்டினால் எவ்வளவு குறையும் என்று தோழிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எடை பார்த்தபோது 52.9. எல்லாரும் கை தட்டினார்கள்.

முதல் போட்டி ஒன்றேகால் நிமிடம் கூட நிற்கவில்லை. எதிராளி என் காலைப் பிடித்தபோது கெண்டைக்காலில் பிடிப்பு வந்து சுருண்டு விழுந்தேன். ஃப்ரீஸ்டைலில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் போட்டியை நிறுத்திவிடுவார்கள். 10-0. நான் பயிற்சியில் பல முறை மல்லாக்கப் போட்ட பெண் அவள். அதை விடப் பெரிது அதற்கு அப்புறம் நடந்தது. ஐந்து மாதம் எனக்கு மாதவிடாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் பயம். தனியாகப் பேருந்து ஏறிப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என் சாப்பாட்டைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் நர்ஸிங் படிக்கப் போனதே அன்றைக்கு முடிவானது.

இப்போது ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். வெயிலில் வேலை செய்து தண்ணீர் வற்றி வருகிறவர்களுக்கு நாடித் துடிப்பு எப்படி ஓடுகிறது, சிறுநீர் எப்படிக் கறுத்து வருகிறது என்று. உங்கள் மகள் செய்கிறதும் அதேதான், பெயர்தான் பயிற்சி. 1997-இல் அமெரிக்காவில் ஒரு மாதம் சொச்சத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போது இறந்தார்கள். சூடான அறை, காற்றுப் புகாத உடை, தண்ணீர் இல்லாமல் உடற்பயிற்சி. அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் அந்த உடைகளையும் சூடான அறைகளையும் தடை செய்தார்கள். ஸ்வெட்டர் இரண்டு போட்டு உச்சி வெயிலில் ஏற்றத்தில் ஓடுகிறாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இன்றைக்கே நிறுத்துங்கள் அண்ணா. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அவள் அம்மாவை விட்டு மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வினேஷ் போகத்தை நினைத்துப் பாருங்கள். ரியோவில் 48, டோக்கியோவில் 53, பாரிஸில் 50. பாரிஸில் முதல் போட்டியிலேயே ஜப்பானின் யுயி சுசாகியை 3-2 என்று வீழ்த்தினாள், இறுதி வரை போனாள். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்று எல்லாமே போனது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் டாக்டர்களும் சத்துணவு நிபுணர்களும் பக்கத்தில் இருந்தார்கள். அதே பாரிஸில் அமன் ஷெராவத் ஒரே ராத்திரியில் 4.6 கிலோ இறக்கி 57 கிலோ வெண்கலம் வாங்கினான். அவனுக்கும் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. பூம்பாறையில் உங்கள் மகளைச் சுற்றி நீங்களும் அவள் அம்மாவும்தான் இருக்கிறீர்கள். அந்த இரண்டு பேரும் போதும், தட்டை மூடி வைக்காமல் அவள் கையில் கொடுத்தால்.

ஹவில்தார் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ பரவாயில்லை என்று நீங்கள் சொல்வதைச் சின்னப் பிள்ளைகள் படித்தால் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள்.

கோத்தகிரி ஹவில்தார்:

அம்மா, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு ராணுவத்தில் டாக்டர் இருந்தார், சமையற்கட்டு இருந்தது. அதை மறந்து எழுதிவிட்டேன். வளரும் பிள்ளை இறக்க வேண்டாம். என் முந்தைய பதிவின் கடைசிப் பத்தியைத் தம்பி கணக்கில் எடுக்க வேண்டாம்.

உதகை கல்லூரி மாணவன்:

அண்ணே, நான் இப்போதும் மல்யுத்தம் செய்கிறவன், அதனால் நடப்பைச் சொல்கிறேன். உண்மையான சிக்கல் 53-ம் இல்லை, அன்திமும் இல்லை. 57-இல் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான். ஒரே இடத்தில் இரண்டு நல்ல பிள்ளைகள் ஒரே எடையில் இருந்தால் ஒருவரை நகர்த்திவிட்டால் இரண்டு பதக்கம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். எனக்கும் நடந்தது. 65-இலிருந்து 61-க்குப் போ என்றார்கள்.

நான் செய்தது இது. நேரில் போய், "அவனுக்கும் எனக்கும் ட்ரையல் வையுங்கள், தோற்றால் இந்த வருடம் வெளியே இருக்கிறேன்" என்று கேட்டேன். தோற்றேன். ஒரு வருடம் வெளியே இருந்தேன். அந்த ஒரு வருடமும் நன்றாகச் சாப்பிட்டேன், அவனோடே பயிற்சி செய்தேன், அடுத்த வருடம் ஜெயித்தேன். உங்கள் மகளுக்குப் பயிற்சிக்கு 57 கிலோ ஆள் பக்கத்திலேயே இருக்கிறாள். மலையில் சம எடையில் ஜோடி கிடைக்காமல் அலைகிறவர்கள் எத்தனையோ பேர்.

நீங்களே போய்ப் பேசுங்கள், மகளை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். பதினாறு வயதில் பயிற்சியாளரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஸ்வெட்டர் ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். பல நேரம் "இறங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், பிள்ளைகள் எப்படி இறக்குகிறார்கள் என்று பார்ப்பது கிடையாது.

அப்புறம், மலையில் குளிருக்குத் தாகம் தெரியாது. அவள் இயல்பாகவே தண்ணீர் குறைவாகத்தான் குடிப்பாள். பையில் ஒரு லிட்டர் பாட்டில் போட்டு அனுப்பி, ராத்திரி காலியாக வருகிறதா என்று பாருங்கள்.

பூம்பாறை அப்பா:

நாலு நாள் ஆயிற்று. பதில் எழுதின எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

நர்ஸ் தங்கச்சி எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து மகளிடம் போய்விட்டாள். அடுப்படியில் இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள். இரண்டு மாதமாக வரவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாளே கொடைக்கானலில் டாக்டரிடம் காட்டினோம். சாப்பாடும் தண்ணீரும் சரியானால் சரியாகும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். இதைப் பொதுவில் எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். வேறு பிள்ளைகள் படிக்கட்டும், எழுதுங்கள் அப்பா என்றாள்.

பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தேன். முதலில் கோபப்பட்டார். "உங்கள் பெண்ணுக்குப் பதக்கம் வேண்டாமா?" என்றார். உதித்தையும் தீபக்கையும் நோட்டில் காட்டினேன். ஸ்வெட்டர் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கடைசியில் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு 57-இல் ட்ரையல் வைக்கிறேன் என்றார். இந்த மாவட்டத் தேர்வுக்கு அவள் போகவில்லை. அன்று ராத்திரி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தட்டு நிறைய ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு, சாக்‌ஷி மாலிக் போட்டியை மறுபடி போடச் சொல்லி கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

பாட்டில் காலியாகத்தான் வருகிறது தம்பி. இன்று காலை பூண்டுத் தராசில் 56.3.

ஹவில்தார் ஐயா, அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த 57 கிலோ பெண் அவளை விட உயரம். ஒற்றைக் காலைப் பிடிக்கப் போகும்போது மேலே இருந்து அமுக்கிவிடுகிறாளாம். தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

கோத்தகிரி ஹவில்தார்:

உள்பக்கம். நெற்றிப்பொட்டு எதிராளியின் விலாவில் ஒட்டியிருக்க வேண்டும், கண் தரையைப் பார்க்கக் கூடாது. தலை தாழ்ந்தால்தான் மேலே இருந்து அமுக்க முடியும். காலைப் பிடித்ததும் அங்கேயே மண்டியிட்டு உட்காராமல் உடனே எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பிடித்த கால் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கமாக இருக்கட்டும். டாக்டர் சரி சொன்ன பிறகு ஒரு நாளைக்கு ஐம்பது முறை, ஜோடி எதிர்க்காமல், மெதுவாக. ட்ரையல் முடிந்ததும் எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.